வத்தலக்குண்டில் கிடைக்கிற தீ

மன்னவனூரில் ஒரு ஜனவரி விடிகாலை. தெரிந்தவர் ஒருவரின் பூண்டுக் காட்டை ஒட்டிய களத்தில் கூடாரம் போட்டிருந்தோம். புல்லெல்லாம் உறைபனி, யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போன மாதிரி. மாமா எனக்கு முன்பே எழுந்து டீ போட உட்கார்ந்துவிட்டார். அடுப்பு முதல் சொடுக்கிலேயே பற்றியது. நாலைந்து நிமிடம் நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் சுடர் குறுகிக் குறுகி, கடைசியில் கார்த்திகை அகல் போல ஒரு நீலப் பொட்டு மட்டும் நின்றது. கேஸ் டின்னைக் கழற்றி ஆட்டிப் பார்த்தால் உள்ளே சளக் சளக்கென்று பாதிக்கு மேல் இருக்கிறது.

"கேஸ் இருக்கு, ஆனா வரமாட்டேங்குது. இது என்ன கூத்து மருமகனே?"

எனக்கும் தெரியவில்லை. மாமா கொஞ்ச நேரம் டின்னையே பார்த்தார். பிறகு அதை ஸ்வெட்டருக்குள் விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கோழி அடைகாக்கிற மாதிரி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து மாட்டினால் மறுபடி எரிகிறது! டீ குடித்து முடிக்க ஏழே முக்கால். விடியுமுன் கிளம்பி கூக்கால் ஏரிப் பக்கம் நடப்பது என்ற திட்டம் அதோடு போயிற்று.

மாமாவின் வயிற்றுச் சூடு செய்த வேலை என்ன என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த டின்னில் இருந்தது பியூட்டேன். கொசு மருந்து ஸ்பிரே போல நீளமாக, 220 கிராம் என்று போட்டு விற்பார்களே, அதுதான். டின்னுக்குள் அது திரவம். ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். பியூட்டேன் கடல் மட்டத்தில் ஆவியாகிற எல்லை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 2,000 மீட்டர் உயரத்தில் அந்த எல்லை இன்னும் ஆறேழு டிகிரி இறங்கும். அதுவரைக்கும் நமக்குச் சாதகம். ஆனால் திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழிக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. வெளியே 2 டிகிரி குளிர் என்றால், எரிய எரிய டின்னுக்குள் அதைவிடக் கீழே இறங்கிவிடும். டின் உடம்பில் பனி பூக்கும். உள்ளே அழுத்தம் செத்துவிடும். கேஸ் இருக்கும், வராது.

ஐசோபியூட்டேன் என்றால் கிட்டத்தட்ட 12 டிகிரி கீழே வரை தாங்கும். புரொப்பேனுக்கு அந்த எல்லை 42 டிகிரி கீழே. மலையேறுபவர்களுக்கென்று விற்கும், மேலே திருகு வைத்த குட்டையான டின்களில் இவற்றைக் கலந்து அடைத்திருப்பார்கள். அதனால்தான் விலையும் அதிகம்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. "மலைக்குப் போகிறோம், எந்த அடுப்பு வாங்கலாம்?" என்று கேட்கிறவர்கள் எல்லாரும் அடுப்பின் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். எத்தனை கிராம், எத்தனை வாட், டைட்டானியமா இல்லையா என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு: எப்படி வருகிறீர்கள், ரயிலிலா பைக்கிலா? என்ன சமைப்பீர்கள்? எங்கே உட்கார்ந்து சமைப்பீர்கள்? அடுப்பு கடைசியில் வருகிற சமாசாரம். முதலில் எரிபொருளை முடிவு செய்ய வேண்டும். அது முடிவானால் அடுப்பு தானாக முடிவாகிவிடும்.

என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது, வத்தலக்குண்டு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பாதை தொடங்குமுன் வருகிற கடைசிப் பெரிய ஊர் அது. அங்கே கடைத்தெருவில் கேட்டால் கிடைக்காத எரிபொருளை நம்பி நான் மலை ஏறுவதில்லை. சொந்த ஊர்ப் பாசம் என்று நினைக்கலாம். கொஞ்சம் உண்டுதான். ஆனால் முக்கியக் காரணம் ரயில்.

சென்னையிலிருந்து வருகிறவர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை கொடைரோட்டில் இறங்குவார். அந்த ரயிலில் கேஸ் டின்னோ மண்ணெண்ணெயோ கொண்டுவரக் கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 164ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. சட்டத்தை விடுங்கள். 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். பெட்டிக்குள் திருட்டுத்தனமாக ஏற்றி வந்த சிலிண்டரை வைத்து அடுப்புப் பற்றவைத்ததில் ஒன்பது பேர் போனார்கள். காலையில் ஒரு காபிக்காக. எனக்கு மதுரை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு "ஒரு சின்ன டின்தானே, துணிக்குள்ளே சுத்தி வைச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. விமானத்தில் கேட்கவே வேண்டாம், கைப்பையிலும் முடியாது, அடியில் போகும் பெட்டியிலும் முடியாது. ஆக, அடுப்பைக் காலியாகக் கொண்டுவந்து எரிபொருளை அடிவாரத்தில்தான் வாங்கியாக வேண்டும்.

சரி, அடிவாரத்தில் என்னதான் கிடைக்கும்?

மாமாவைக் கேட்டால் கிருஷ்ணாயில் என்பார். தாண்டிக்குடிப் பக்கம் காபி எஸ்டேட்டில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அவரிடம் பித்தளைப் பம்பு ஸ்டவ் ஒன்று இருக்கிறது. மூன்று கால், வயிறு பருத்த தொட்டி, பக்கத்தில் பம்பு. இந்த ஜாதி அடுப்பை 1892இல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கினார். அவர் வைத்த பிரைமஸ் என்ற பெயர்தான் நம் ஊரில் எல்லாப் பம்பு ஸ்டவ்வுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. அமுண்ட்சன் தென்துருவத்துக்குக் கொண்டுபோனதும், 1953இல் எவரெஸ்ட் ஏறியவர்கள் கொண்டுபோனதும் இதே குடும்பம்தான். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "பெறகு? சும்மாவா?" என்றார், தானே கூடப் போய்வந்த மாதிரி.

அதைப் பற்றவைப்பது ஒரு சடங்கு. மேலே இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, தலையைச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் குழாய்க்குள் ஏறும் எண்ணெய் ஆவியாகும். ஸ்பிரிட் அணையப் போகிற நேரம் பார்த்துப் பம்பு அடிக்க வேண்டும். முந்தினால் எண்ணெய் பீய்ச்சி மஞ்சள் தீ ஆளுயரம் எழும்பும். பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. பிடித்துவிட்டால் அந்த உர்ர்ர் சத்தமும் நீலத் தீயும் இருக்கிறதே, எந்தக் குளிரும் அதை ஒன்றும் செய்யாது. அழுத்தத்தை நாமே பம்பு அடித்துக் கொடுப்பதால் உறைபனி அதற்கு ஒரு பொருட்டில்லை. நடுவில் எண்ணெய் வரும் துளை அடைத்துக்கொண்டால் ஊசி போன்ற பின்னை அதில் குத்த வேண்டும். தோல் வாஷர் காய்ந்துபோனால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் பராமரிப்பு.

என் அம்மா மட்டும் அதை வீட்டுக்குள் விடவே மாட்டார். "ஸ்டவ் வெடித்து" என்று தொடங்கும் செய்திகளைப் படித்தே வளர்ந்த தலைமுறை அது. அந்தச் செய்திகளில் எத்தனை உண்மையிலேயே ஸ்டவ் வெடித்தவை என்று அம்மா ஒரு பெருமூச்சு விடுவார். அது வேறு கதை.

பித்தளை ஸ்டவ்வைக் கவிழ்த்தது குளிரோ காற்றோ அல்ல. எண்ணெய்தான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேட்டால் இப்போது சிரிக்கிறார்கள். பெயின்ட் கடையில் கிடைப்பது சில சமயம் கலப்படம், பின் குத்தியே கை ஓய்ந்துவிடும். அதோடு எண்ணெய் கசிந்தால் பையில் இருக்கும் அவல், ரவை எல்லாம் கிருஷ்ணாயில் வாசம் அடிக்கும். பூம்பாறையில் ஒருமுறை அந்த வாசத்தோடு உப்புமா சாப்பிட்டிருக்கிறேன். இனி வேண்டாம்.

அடுத்து எனக்குப் பைத்தியம் பிடித்தது ஸ்பிரிட் அடுப்பின் மேல். குளிர்பான டின் இரண்டை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சொருகி, சுற்றிலும் ஊசியால் ஓட்டை போட்டால் அடுப்பு தயார். எடை ஒரு கடிதம் அளவு. சத்தம் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. அதைச் செய்துமுடித்த அன்று பெரிய விஞ்ஞானி போலத்தான் திரிந்தேன். ஆனால் ஒரு கிலோ பியூட்டேன் தருகிற சூட்டில் ஸ்பிரிட் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம் தரும், அதுவும் எத்தனாலாக இருந்தால். மெத்தனால் என்றால் பாதிகூட வராது. அடுப்பில் மிச்சம் பிடித்த எடை பாட்டிலில் ஏறிக்கொள்ளும்.

மெத்தனால் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் இனி யாரும் சாதாரணமாகச் சொல்ல முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். ஸ்பிரிட் விற்பனைக்கு இங்கே உரிமம், கணக்கு எல்லாம் உண்டு. அறிமுகம் இல்லாத ஆள் போய்க் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. கல்யாண பஃபேயில் பாத்திரத்துக்கு அடியில் வைக்கிற ஜெல் டப்பாவைச் சிலர் மலைக்குத் தூக்கி வருகிறார்கள். சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கத்தான் அது. தண்ணீரைக் கொதிக்க வைக்க நம் பொறுமை பத்தாது.

நான் ஸ்பிரிட்டை விட்டது விலையாலோ எடையாலோ அல்ல. ஒரு மத்தியானம். நல்ல வெயில். நண்பன் ஒருவன், மாப்ள என்றே இருக்கட்டும், அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலிலிருந்து நேராக ஸ்பிரிட்டை ஊற்றினான். அணையவில்லை. ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. தீ பாட்டில் வாய் வரை ஏறிவந்தது. பாட்டிலை வீசியெறிந்தான், புல்வெளிப் பக்கமாக. நல்லவேளை, முந்தின நாள் மழை பெய்திருந்தது. அவன் புருவம் ஒரு மாதத்தில் முளைத்துவிட்டது. ஆனால் அந்தப் புல் ஈரமாக இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் எனக்குப் போகவில்லை.

கற்பூரத்தில் சமைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்து பார்த்தேன். பாத்திரம் ஐயனார் சிலை நிறத்துக்கு வந்துவிட்டது. டீயில் திருநீறு மணம். ராணுவத்தில் பயன்படுத்துகிற ஹெக்ஸமைன் வில்லைகள் இதற்குத் தேவலை. கசியாது. ஆனால் கூட்டவும் குறைக்கவும் முடியாது, பாத்திரத்தில் பிசுபிசுவென்று கறை படியும். அவசரத்துக்கு நாலு வில்லை பையில் கிடக்கட்டும்.

ஆக, வத்தலக்குண்டில் சந்தேகமில்லாமல் கிடைப்பது என்று எனக்கு மிஞ்சியது முதலில் சொன்ன அந்த நீள டின் பியூட்டேன்தான். பாத்திரக்கடையிலோ கேஸ் அடுப்பு ரிப்பேர் கடையிலோ இருக்கும். இதற்கென்று வரும் பெட்டி அடுப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள், சூட்கேஸ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். காரில் போகிற குடும்பத்துக்கு அதைவிடச் சுகம் கிடையாது. முதுகில் சுமக்கத்தான் தோதில்லை.

அந்த அடுப்பில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டின் உட்காரும் அறை பர்னருக்குப் பக்கத்திலேயே இருக்கும். நம் ஆட்கள் அதன்மேல் வைப்பது என்ன? தோசைக்கல். வீட்டிலிருந்து கொண்டுவந்த, முழ அகல இரும்புக் கல். கல் டின் அறைக்கு மேலேயும் நீட்டிக்கொண்டு நிற்கும், சூடு நேராகக் கீழே இறங்கும். மூன்றாவது தோசைக்கு எங்கள் அடுப்பில் டக்கென்று ஒரு சத்தம். டின்னைத் தள்ளிவிட்டு அணைந்துவிட்டது. அடுப்பு கெட்டுப்போச்சு என்று மாப்ள அதைத் திட்டினான். கெடவில்லை. டின்னுக்குள் அழுத்தம் எல்லை மீறியதும் தானாக விடுவித்துக்கொள்கிற அமைப்பு அது, எங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த அமைப்பு இல்லாத மலிவு அடுப்புகளும் சந்தையில் உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். அதைவிட, சின்ன தோசைக்கல் வாங்குங்கள்.

டின்னின் கழுத்தில் ஒரு வெட்டு இருக்கும், அது மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உள்ளே ஒரு வளைந்த குழாய், வெட்டு மேலே இருந்தால் ஆவியை மட்டும் எடுக்கும். கீழே திரும்பினால் திரவத்தையே உறிஞ்சி அனுப்பும், தீ எகிறும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. டின்னில் படமாகப் போட்டிருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

காலி டின்னில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேண்டாம். வீட்டு கேஸில் புரொப்பேனும் கலந்திருக்கிறது. அதன் அழுத்தம் இந்தத் தகர டின் தாங்குவதற்குச் செய்த அழுத்தத்தைவிட அதிகம். எவ்வளவு நிரம்பியது என்பதும் தெரியாது. குளிரில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, திரும்பி வந்து வத்தலக்குண்டு வெயிலில் பைக்கை நிறுத்துகிறபோதுதான் அது வேலையைக் காட்டும்.

இனி காற்று. நான் சமைக்கப் போன இடங்களில் அதிகம் தோற்றது குளிரிடம் இல்லை, காற்றிடம்தான். ஒரு ஜூன் மாதம் கவுஞ்சியில் உருளைக்கிழங்குக் காட்டு வரப்பில் உட்கார்ந்து கஞ்சி காய்ச்ச முயன்றோம். மேற்கிலிருந்து அடித்த காற்றுக்குச் சட்டைப் பை வெளியே வந்து நின்றது. அன்று எங்களிடம் இருந்தது திருகு டின்னின் தலையிலேயே நேராகப் பூட்டுகிற குட்டி பர்னர். உள்ளங்கைக்குள் அடங்கும், விரித்தால் மூன்று கை. படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். அதன்மேல் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்தால் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி நிற்கும். இருபது நிமிடம் ஆகியும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. தீ முழுவதும் பாத்திரத்துக்கு வெளியே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மாப்ளைக்கு யோசனை வந்தது. பார்சல் கட்டுகிற அலுமினியத் தாளை எடுத்து, பர்னர், டின் இரண்டையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றிவிட்டான். தண்ணீர் உடனே சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கும் சந்தோஷம்தான், டின்னைத் தொட்டுப் பார்க்கும் வரை. கை வைக்க முடியவில்லை. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அணைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கஞ்சி காய்ச்ச வந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொரி தின்றோம்.

டின்னின் தலையில் பூட்டும் அடுப்புக்கு முழுச்சுற்றுத் தடுப்பு வைக்கவே கூடாது. காற்று வரும் திசையில் மட்டும் பையையோ கல்லையோ வைக்கலாம், அதுவும் டின்னை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே. இதற்கு மாற்று, குழாய் வைத்த அடுப்பு. பர்னர் தரையோடு தரையாகத் தனியே உட்காரும், டின் ஒரு முழக் குழாய் தள்ளிக் கிடக்கும். பர்னரைச் சுற்றிப் பயமில்லாமல் தடுப்பு வைக்கலாம். பாத்திரம் கவிழாது. நூறு நூற்றைம்பது கிராம் கூடுதல், அவ்வளவுதான். கிராம் கணக்குப் பார்க்கிறவர்கள் இதை ஒதுக்குவார்கள். அவர்கள் கவுஞ்சிக்கு ஜூனில் வந்து பார்க்கட்டும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நான் கடைசியில் வாங்கியது: திருகு வாய் வைத்த, குழாயோடு வரும் அடுப்பு ஒன்று, கூடவே நீள டின்னை அதில் மாட்ட ஒரு சின்ன அடாப்டர். இரண்டு வாய் அடுப்பு என்று மாமா பெயர் வைத்திருக்கிறார். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை வத்தலக்குண்டு டின்னே போதும், படுக்கவைத்து, வெட்டு மேலே பார்க்க. உறைபனி மாதங்களுக்கு மட்டும் கலவை கேஸ் வைத்த திருகு டின் இரண்டு. பெரிய ஊர்க் கடைக்குப் போகிறபோது வருடத்துக்கு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்கிறேன். அது தீர்ந்துபோனால் வத்தலக்குண்டு டின்னும் மாமாவின் வயிறும் இருக்கவே இருக்கின்றன. வயிறு இல்லாதவர்கள் டின்னை ஒரு தட்டில் நிறுத்தி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். சுடுதண்ணீர் வேண்டாம்.

எவ்வளவு கேஸ் வேண்டும் என்று கேட்பார்கள். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பதினைந்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர், இரண்டு நாள், டீ, கஞ்சி, சேமியா எல்லாம் சேர்த்து ஏழெட்டு லிட்டர் என்றால் 120 கிராம். காற்றுக்கு இன்னும் கொஞ்சம். ஆக ஒரு டின். பாதி தீர்ந்த டின்னில் எவ்வளவு மிச்சம் என்று வீட்டிலேயே சமையல் தராசில் நிறுத்து, டின் மேல் பேனாவால் எழுதிவிடுவேன். மலையில் போய் ஆட்டிப் பார்த்து ஜோசியம் சொல்வதெல்லாம் இப்போது இல்லை.

என்ன சமைப்பது என்பதும் இதில் சேர்த்திதான். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீக்கு அது தாராளம். துவரம் பருப்புக்குப் பத்தாது. "தண்ணி கொதிக்குது, பருப்பு சிரிக்குது" என்பார் மாமா. அரிசி வெந்த மாதிரி இருக்கும், நடுவில் ஒரு எலும்பு இருக்கும். குக்கர் சுமந்து போகிறவர்களும் உண்டு, நான் சுமக்க மாட்டேன். அவல், வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, இவற்றைத் தாண்டி மலையில் நான் எதையும் வேகவைப்பதில்லை. முதல் நாள் மத்தியானத்துக்குப் புளியோதரைக் கட்டுச்சோறு. அது மறுநாள் காலை வரைக்கும்கூட நிற்கும். அடுப்பே கேட்காத சமையலை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடியில் தகடு தகடாக வைத்து, பாத்திரமும் பர்னரும் ஒன்றாகப் பூட்டி வரும் விலை கூடிய அடுப்புகள் உண்டு. காற்றிலும் கேஸைச் சிக்கனமாக எரிக்கும். தண்ணீர் மட்டும் போடுகிறவர்களுக்கு அருமை. ரவை போட்டால் அடிப்பிடிக்கும். நமக்குத் தண்ணீர் மட்டும் போட்டுப் பழக்கமில்லை.

தானாகப் பற்றும் சொடுக்கு ஒரு அலங்காரம். உயரத்திலும் மூடுபனி ஈரத்திலும் எப்போது காலைவாரும் என்று சொல்ல முடியாது. தீப்பெட்டி இரண்டு, தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். கோவில்பட்டிக்காரர்கள் செய்து கொடுத்ததை நனையாமல் வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது. கரி அடுப்பு இன்னும் மோசம். குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று அறைக்குள் கரியைக் கனலவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. இருமல் வராது, தூக்கம்தான் வரும்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் இந்த அடுப்பை இப்போது பற்றவைப்பதெல்லாம் ஊர் எல்லைக்குள், பட்டா நிலத்தில், களத்திலோ வீட்டு முற்றத்திலோ, உரியவரிடம் கேட்டுக்கொண்டுதான். காட்டுக்குள் இல்லை. 2018 மார்ச் 11 குரங்கணிக்குப் பிறகு எங்கள் பக்கம் நடக்கிற எவருக்கும் காட்டில் தீக்குச்சி உரசக் கை வராது. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் இறந்துபோனார்கள். போடி எங்களுக்கு வெளியூர் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். பழனி மலைக் காட்டில் பெரும்பகுதி 2013லிருந்து கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதை வனவிலங்குச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. உறைபனி கருக்கிய புல் ஜனவரியிலேயே காய்ந்த வைக்கோல் ஆகிவிடும். பிப்ரவரியிலிருந்து மழை விழும் வரை அந்த மேட்டில் ஒரு பொறி போதும். பைன் காட்டுத் தரையைப் பார்த்திருப்பீர்கள், ஊசி இலை மெத்தை மெத்தையாகக் கிடக்கும். சுள்ளி போட்டு எரிக்கும் குட்டி விறகடுப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. நல்ல அடுப்புதான். "காட்டில் சுள்ளி இலவசம்" என்று விற்கிறார்கள். காப்புக்காட்டில் சுள்ளி பொறுக்குவதே அனுமதி கேட்கிற காரியம். அதைத் தம்பி மகனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன்.

போன முறை அனுமதியோடு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கினோம். தொடங்குகிற இடத்தில் வனக் காவலர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். அடுப்பு வெளியே வந்தது.

"இது எதுக்குண்ணே?"

"ஊருக்குள்ள போய்ப் பத்தவைக்கத்தான் தம்பி. காட்டுக்குள்ள எடுக்கமாட்டோம்."

"ஊருக்குள்ள போனா அவங்களே டீ போட்டுத் தருவாங்க. இங்கேயே வச்சிட்டுப் போங்க, வேற ஆள் மூலமா வத்தலக்குண்டுக்கு அனுப்பிவிடறேன்."

கேஸ் டின்னும் அடுப்பும் அவரிடமே தங்கிவிட்டன. எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்றது, எழுதி வைத்த கிராம் கணக்கெல்லாம் வீணாகிவிட்டதே என்று. மாமாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. வெள்ளகவி எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். அந்த ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே மண் அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி ஊதுகுழலால் இரண்டு ஊது ஊதி, ஈயச்சட்டியில் தண்ணீர் வைத்தார். வெல்லம் போட்ட கடுங்காபி, ஆளுக்கொரு டம்ளர். புளியோதரையைப் பிரித்து அவருக்கும் கொடுத்தோம். உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றார்.

மூன்றாம் நாள் அடுப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது, டின்னோடு. தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு கிராம் குறையவில்லை. மாமா தன் பித்தளை ஸ்டவ்வைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். இந்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க வேண்டுமாம்.

"மருமகனே, கடைத்தெருப் பக்கம் போனா பின் ஒரு கட்டு வாங்கிட்டு வா. இருந்ததெல்லாம் தீந்துபோச்சு."

"எண்ணெய்க்கு என்ன பண்ணுவீங்க மாமா?"

"அதைப் பெறகு பாப்போம்."

மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடையில், மேல் பரணிலிருந்து தூசி தட்டி ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.